விடுபட்ட எண்

கணிதமென்றால் ஒதுங்கிச் செல்லும் தமிழ் மாணாக்கருள் யானும் ஒருவன். எனினும் ஓர் எண்ணின் வரலாறு என் உள்ளத்தைக் கவர்ந்தமையின், அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

திருவண்ணாமலைக் கடைவீதியில் நூறு வெற்றிலை கொண்ட கவுளி ஒன்றை வாங்கினால், அதனை மூவர்க்குச் சமமாகப் பங்கிட இயலாது, அறுவர்க்கும் இயலாது. நூற்றினும் குறைந்த அறுபதோ, இருவர் முதல் அறுவர் வரை எவர்க்கும் மிச்சமின்றிப் பங்காகும். நூற்றை மீதமின்றி வகுக்கும் எண்கள் 9. அறுபதை வகுப்பன 12. நம் முன்னோர் நாளை அறுபது நாழிகையாகப் பகுத்ததன் எளிமை இதனாற் புலனாம்.

தன்னிற் சிறிய எவ்வெண்ணினும் மிகுதியான வகுக்கும் எண்களை உடையதை மிகுபகு எண் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என அவ்வரிசை செல்லும். இவற்றை முறைப்பட ஆராய்ந்தவர், ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமாநுஜன் ஆவார். இந்நாட்டில் எப்.ஏ. தேர்வில் தவறிய அவர், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்று, 1915-இல் இப்பொருள்பற்றி நீண்டதோர் கட்டுரை வெளியிட்டார். 1916-இல் இவ்வாராய்ச்சியே அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்தது.

வகுக்கும் எண்களின் தொகையைக் காணும் முறை எளிது. 60 என்பது 2×2×3×5. இதில் 2 இருமுறையும், 3, 5 என்பன ஒவ்வொரு முறையும் வந்தன. ஒவ்வொன்றின் அளவோடும் ஒன்று கூட்டிப் பெருக்குக: 3×2×2=12. இனி, 18 என்பது 2×3×3. 12 என்பது 2×2×3. இரண்டிற்கும் வகுக்கும் எண்கள் ஆறே. ஆயினும் 12 சிறியது. ஆகவே மிகுபகு எண்ணில் சிறிய பகா எண், தன்னிற் பெரியதனினும் குறைந்த முறை வருதல் இல்லை.

இராமாநுஜன் வகுத்த அட்டவணையின் ஈற்றெண் 6746328388800. அஃதாவது ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 என்பன இருமுறையும், 11, 13, 17, 19, 23 என்பன ஒவ்வொரு முறையும் அமைந்துள்ளன. எனவே 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10,080 எண்கள் இதனை வகுக்கும்.

ஏறக்குறைய நூறு எண்கள் கொண்ட அவ்வட்டவணையில் ஒன்றே ஒன்று விடுபட்டது. அது 293318625600, அதனை வகுப்பன 5,040. வியப்பு யாதெனில், ஈற்றெண்ணை 23-ஆல் வகுத்தால் வெளிப்படுவது அவ்விடுபட்ட எண்ணே! தாம் எழுதிய எண்ணின் உள்ளேயே தாம் எழுதாது விட்டதும் இருந்தது.

இதனால் அம்மேதையின் பெருமை குன்றாது. பொறிகளின் துணையின்றிக் கையாலே கணக்கிட்ட உழைப்பு அது. ஆனால் நமக்கு ஒரு பாடம் உண்டு. தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையை நாம் அறிவோம். பின்வந்த அறிஞர் அவ்வட்டவணையைப் போற்றியதோடு நில்லாது, மீண்டும் எண்ணிப் பார்த்தனர். ஆதலின் காணாமற்போன ஒன்று கிடைத்தது. ஆசிரியரை மதித்தலும் அவர் கணக்கைச் சரிபார்த்தலும் மாறுபட்ட செயல்கள் அல்ல. ஏடு பல ஒப்புநோக்கிப் பாடம் காணும் தமிழ் மாணாக்கர்க்கும் இவ்வுண்மை பொருந்துவதாகும்.