கிட்டப் போய்ப் பார்த்தால் கண் கெடுமா? குறைபார்வையும் மடிக்கணினியும்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ச் செய்தியைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சார், அவ்வளவு கிட்டப் போகாதீங்க, இருக்கிற பார்வையும் போயிடும். இன்னும் பெரிய ஸ்கிரீனா காட்டுறேன்” என்றார் விற்பனைப் பிரிவில் நின்ற தம்பி. அக்கறையோடு சொன்ன பேச்சுதான். ஆனால் குறைபார்வை உள்ளவர்களைத் தப்பான கணினியை வாங்க வைக்கிற இரண்டு நம்பிக்கைகள் அந்தப் பேச்சில் இருந்தன. அவற்றோடு இதுபோன்ற வேறு சில நம்பிக்கைகளையும் பார்ப்போம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18-க்குக் கீழே 3/60 வரை இருந்தால், அல்லது பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குள் சுருங்கி 10 டிகிரி வரை இருந்தால், அதைக் குறைபார்வை என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. எனக்கு 6/60. மற்றவர்களுக்கு 60 மீட்டரில் தெரியும் எழுத்தை நான் 6 மீட்டரில் நின்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: கிட்ட வைத்துப் பார்த்தால் மிச்சமிருக்கும் பார்வையும் தீர்ந்துவிடும்.

பார்வை பானையில் இருக்கும் அரிசி அல்ல, அள்ள அள்ளக் குறைவதற்கு. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலை நாடுகளிலும் இந்த அச்சம் இருந்தது. ‘பார்வையைச் சேமிக்கும்’ வகுப்புகள் என்றே தனியாக நடத்தி, பிள்ளைகளின் கண்ணுக்கு அதிக வேலை கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கல்வியாளர் நடாலி பாராகா 1964-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது: இருக்கும் பார்வையைப் பயன்படுத்தப் பழக்கினால், குழந்தைகள் அதைக்கொண்டு இன்னும் அதிகமாகப் பார்க்கிறார்கள். கிட்ட வைத்துப் படித்தால் கண் சோர்ந்து போகலாம், கழுத்து வலிக்கலாம். அந்த வலிக்கு வழி தேட வேண்டும். அதற்காகப் பிள்ளையைத் திரையிலிருந்து இழுத்துவிடக் கூடாது.

நம்பிக்கை: திரை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

எங்களில் பலர் பணத்தை இழப்பது இங்கேதான். கணக்கைப் பாருங்கள். 15.6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 34.5 செ.மீ. 17.3 அங்குலத் திரைக்கு 38.3 செ.மீ. அதாவது எழுத்து பதினொரு சதவீதம் பெரிதாகும். 3 மி.மீ. உயர எழுத்து 3.3 மி.மீ. ஆகும், அவ்வளவுதான். அதே எழுத்தை 50 செ.மீ. தூரத்திலிருந்து 25 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் கண்ணுக்கு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். 15 செ.மீ. என்றால் மூன்று மடங்குக்கும் மேல். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

கிட்டப் போய்ப் பார்ப்பவருக்குப் பெரிய திரை தொல்லையும் தரும். 15 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்தால் நடுப்பகுதி மட்டும்தான் நேராகத் தெரியும். ஓரங்களைப் பார்க்கத் தலையைத் திருப்பியாக வேண்டும், அப்போதும் அவை சாய்வாகவே தெரியும். மலிவான டி.என். வகைத் திரையில் சாய்ந்து பார்த்தால் நிறமே மாறிப்போகும். அதனால் ஐ.பி.எஸ். திரைதானா என்று கேட்டு வாங்குங்கள். கிளாக்கோமாவாலோ ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவாலோ பார்வைப் பரப்பு சுருங்கியவர்கள் பெரிய திரையில் சுட்டி எங்கே இருக்கிறது என்றே தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலருக்கு 14 அங்குலமே நிறைவாக இருக்கும்.

மடிக்கணினியின் உண்மையான சிக்கல் அதன் அமைப்பில் இருக்கிறது. விசைப்பலகை முன்னால், திரை அதற்குப் பின்னால். கண்ணைத் திரைக்குக் கொண்டுபோக விசைப்பலகையின் மேலே கவிழ வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க இப்படிக் குனிந்தால் கழுத்து என்ன ஆகும்? கணினியை ஒரு தாங்கியின் மேல் ஏற்றி, திரையைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மேசை விளிம்பை ஒட்டி வையுங்கள். தனியாக ஒரு யு.எஸ்.பி. விசைப்பலகையை மடியிலோ அதற்கென்று போட்ட சின்னப் பலகையிலோ வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். வீட்டில் மட்டும் வேலை என்றால், கைபோல நீளும் தாங்கியில் பொருத்திய 24 அங்குல மானிட்டரை எச்.டி.எம்.ஐ. வழியாக இணைத்து முகத்துக்கு அருகே இழுத்துக்கொள்வது இன்னும் சுகம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 25 செ.மீ.யில் தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்கு 4 டயாப்டர் குவிதிறன் தேவை. வயதான கண் அதைத் தானாகத் தராது. அந்தத் தூரத்துக்கென்றே கண்ணாடி எழுதித் தருவார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளில் குறைபார்வைக்கென்று தனிப் பிரிவுகள் உண்டு. கணினி வாங்குவதற்கு முன்பே அங்கே போய்வாருங்கள். எந்தத் தூரத்தில் உட்காரப்போகிறீர்கள் என்பது தெரிந்த பிறகுதான் எந்தத் திரை வாங்குவது என்ற கேள்விக்கே பொருள் உண்டு.

நம்பிக்கை: 4கே திரை வாங்கினால் எழுத்து தெளிவாகத் தெரியும்.

எழுத்தின் அளவை விண்டோஸின் ஸ்கேலிங் அமைப்பு தீர்மானிக்கிறது. திரையில் எத்தனை புள்ளிகள் என்பது விளிம்பு எவ்வளவு வழவழப்பாக இருக்கும் என்பதை மட்டும் சொல்லும். 15.6 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் ஒரு புள்ளி 0.18 மி.மீ. 6/60 பார்வைக்கு அது 15 செ.மீ.யில்கூடத் தனியாகப் பிரிந்து தெரியாது. கூடுதல் பணத்தை வேறு எதிலாவது போடலாம்.

நம்பிக்கை: வெளிச்சம் கூடினால் நன்றாகத் தெரியும்.

சிலருக்கு உண்மை. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா தேய்ந்த பெரியவர்கள் பலருக்கு நல்ல வெளிச்சமும் அழுத்தமான நிற வேறுபாடும் வேண்டும். ஆனால் நிறமிக் குறைபாட்டோடு பிறந்தவருக்கு வெள்ளைத் திரை முகத்தில் அடிக்கிற வெயில். கடையில் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டிக் காட்டுவார்கள், நீங்கள் முழுக்கக் குறைத்தும் பாருங்கள். சில திரைகள் ஒளியைக் குறைக்கும்போது கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மினுக்கும், தலைவலி அங்கிருந்து வரும். பளபளப்பான திரையில் குழல்விளக்கும் சன்னலும் உங்கள் முகமும் தெரியும். மங்கல் பூச்சுத் திரை நல்லது. தொடுதிரைகள் பெரும்பாலும் பளபளப்பானவை என்பதையும் நினைவில் வையுங்கள். விசைகளுக்கு அடியில் விளக்கு இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். வெள்ளிநிற விசையில் வெள்ளை விளக்கு பகலில் எழுத்தையே அழித்துவிடும். கறுப்பு விசையில் தடித்த வெள்ளை எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை: இதற்கெல்லாம் விலை உயர்ந்த தனி மென்பொருள் வேண்டும்.

சூம்டெக்ஸ்ட் போன்ற கட்டண மென்பொருள்கள் சிலருக்குத் தேவைப்படும். தொடங்குவதற்கு விண்டோஸே போதும். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் மேக்னிஃபையர் திறக்கும், விண்டோஸும் எஸ்கேப்பும் சேர்ந்தால் மூடும். மேக்னிஃபையர் ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றும் சேர்ந்தால் வெள்ளை கறுப்பாகும். ஆனால் மேக்னிஃபையரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது திரையின் ஒரு துண்டை மட்டும் பெரிதாக்குகிறது, வரி முடியும் வரை பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் எழுத்தளவைக் கூட்டுங்கள், அமைப்புகளில் 225 சதவீதம் வரை போகலாம். உலாவியில் கன்ட்ரோலும் கூட்டலும் அழுத்தினால் பெரும்பாலான பக்கங்களில் வரிகள் மடங்கி அகலத்துக்குள் அடங்கும்.

நம்பிக்கை: திரைவாசிப்பான் பார்வையே இல்லாதவர்களுக்குத்தான்.

இதை நம்பி நான் இழந்த ஆண்டுகள் நிறைய. வரைபடத்தையும் அட்டவணையையும் கண்ணால் பார்க்கிறேன், நீண்ட கட்டுரையைக் காதால் கேட்கிறேன். சாயங்காலத்தில் கண் களைத்துவிடுவதில்லை. தமிழில் இது இன்னும் அவசியம். ‘க’வும் ‘க்’கும் ஒரு புள்ளியால் வேறுபடுகிற எழுத்து நம்முடையது. மங்கலான கண்ணுக்கு முதலில் தொலைவது அந்தப் புள்ளிதான். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் பேசும். விண்டோஸுக்கும் தமிழ்க் குரல் உண்டு, அதன் பெயர் வள்ளுவர். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் மட்டும் ஆங்கில எழுத்துகளாக உளறும். அது உங்கள் கணினியின் குற்றம் அல்ல. திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்கள் இன்சர்ட் விசை தனியாக இருக்கிறதா, எண்பலகை இருக்கிறதா என்று கடையிலேயே தடவிப் பாருங்கள்.

அந்தத் தம்பி எடுத்து வைத்த 17 அங்குலத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலி கேட்டேன். வழக்கமாக உட்கார்வதுபோல உட்கார்ந்து, கண்காட்சிக்கு ஓடிய மீன் வீடியோவை நிறுத்தி, 14 அங்குலத்தில் எழுத்தளவைக் கூட்டி, நிறத்தைத் தலைகீழாக்கி அதே செய்தியை மறுபடி படித்தேன். கடைசி வரி வரை ஓடியது. மிச்சமான பணத்தில் ஒரு தாங்கியும் விசைப்பலகையும் வாங்கினேன். பில் போடும்போது அவர் கேட்டார்: “அந்தக் கூட்டல் குறி அமுக்கினீங்களே, எதோடு சேர்த்து, சார்? எங்க அப்பாவுக்குக் காட்டணும்.”