நாச்சியார் யார் வீட்டுப் பெண்?

திருநகர், மதுரை.

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய கொடிவழிப் படம் கிடைத்தது. நாலு தாள்களை ஒட்டி, ராமநாதபுரம் சேதுபதிகளை ஒரு பக்கமும் சிவகங்கைச் சீமையாரை மறுபக்கமுமாக எழுதியிருக்கிறாய். அப்பாவுக்குக் கீழே மகன், அவருக்குக் கீழே அவர் மகன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. "ரெண்டும் சொந்தம்ங்கறாங்க அத்தை, எங்கே சேருதுன்னே தெரியல" என்று அடியில் கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சேர்கிற இடம் உன் தாளில் இல்லை. நீ பெண்களை எழுதாமல் விட்டுவிட்டாய்.

சிவகங்கை 1730 வாக்கில்தான் தனிச் சீமையானது. முதல் அரசர் சசிவர்ணத் தேவர், நாலுகோட்டைப் பாளையக்காரரின் மகன். சேதுபதி வீட்டுக்கு அவர் பிள்ளை இல்லை, மருமகப்பிள்ளை. விசய ரகுநாத சேதுபதியின் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரைக் கட்டியவர். அடுத்த தலைமுறையிலும் ராமநாதபுரத்திலிருந்தே பெண் எடுத்தார்கள். 1746-ல் சசிவர்ணரின் மகன் முத்து வடுகநாதருக்குக் கழுத்தை நீட்டியவர் செல்லமுத்து சேதுபதியின் மகள். அவர்தான் வேலு நாச்சியார். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட்ட பிறகு சீமையை மீட்டாரே, அதே நாச்சியார். அவரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் வாளைச் சொல்வார்கள், குதிரையைச் சொல்வார்கள். எந்த வீட்டில் பிறந்து எந்த வீட்டுக்கு வந்தார் என்பதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உனக்கு வேண்டியது அதுதான்.

ஆகவே படத்தை மறுபடி போடு. பெற்ற உறவுக்குக் கறுப்புப் பென்சில், கட்டிய உறவுக்குச் சிவப்புப் பென்சில். நம் பக்கத்தில் மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் கட்டுவதால் பிரிந்த கிளை திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே ஆள் இரண்டு முறையில் சொந்தமாவார். மரம் மாதிரி வரைய நினைத்தால் வராது. பாய் முடைவது மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதே.

பெயர்களிடம் ஜாக்கிரதையாக இரு. பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் பேரன் என்றே சொல்கிறோம். ரகுநாதரும் முத்துராமலிங்கமும் சேதுபதி வம்சத்தில் திரும்பத் திரும்ப வருவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே வருஷத்தையும் மனைவி பெயரையும் எழுதாவிட்டால், பாட்டன் செய்ததைப் பேரன் தலையில் ஏற்றிவிடுவாய்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உள்ளதல்ல. மதுரையில் விசுவநாத நாயக்கரும் அவர் பிள்ளைகளும் ஆண்ட அந்த 16-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பெரிய வீடுகளிலும் இதே பாடுதான். அப்போது அங்கே பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. 'ஆப்' என்றால் மகன். ரீஸ் மகன் ஜானை 'ஜான் ஆப் ரீஸ்' என்பார்கள், நம் பழைய பத்திரங்களில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதுவதைப் போல. பிறகு அந்த 'ஆப் ரீஸ்' ஒட்டிக்கொண்டு 'பிரைஸ்' என்ற குடும்பப் பெயராகிவிட்டது. 1586-ல் நியமனம் பெற்ற லூயிஸ் டன் என்ற புலவர் வீடு வீடாகப் போய் வம்சாவளிகளை எழுதினார். பெரைன் ஊர் கேத்தரின் என்ற ஒரு பெண்மணி நாலு கல்யாணம் செய்தவர். அவர் வழியாக எத்தனையோ வீடுகள் சொந்தமானதால் அவரை 'வேல்ஸின் தாய்' என்றே அழைத்தார்கள். அங்கேயும் பெண்ணை விட்டால் வழி கிடையாது.

இதெல்லாம் வெறும் படிப்புக்கான ஆராய்ச்சி என்று நினைக்காதே. சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829-ல் இறந்தார். சொத்து அண்ணன் மக்களுக்கா, பெற்ற மகளுக்கா? மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863-ல் அவர் பக்கம் தீர்ப்பானது. ஜமீன் அவருடைய தகப்பனார் தனியாக அடைந்த சொத்து, பங்காளிகளுக்கு அதில் உரிமை இல்லை என்றார்கள். நீ போட்டிருக்கும் படத்தில் அந்த மகளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை, பார்.

சுவீகாரத்தையும் குறித்துவை, அதற்குப் புள்ளிக்கோடு. ராமநாதபுரம் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் முத்துராமலிங்கம் என்ற பையனைத் தத்தெடுத்தார். அதுவும் வழக்காகி, பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம் என்று 1868-ல் லண்டனில் முடிவானது. அந்த முத்துராமலிங்க சேதுபதியின் மகன்தான் விவேகானந்தர் சிகாகோ போக உதவிய பாஸ்கர சேதுபதி. தத்துப் போனவருடைய கூடப் பிறந்த அண்ணன் பொன்னுசாமித் தேவர். அவர் மகன் பாண்டித்துரைத் தேவர், 1901-ல் நம் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தவர். பட்டத்து வரிசையை மட்டும் பார்த்தால் இருவரும் தனித்தனி. ரத்தத்தில் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும்.

வம்சாவளிச் சுவடிகளைப் படிக்கும்போது, எழுதியவருக்கு அப்போது என்ன தேவைப்பட்டது என்று கேட்டுக்கொள். 1821-ல் காலமான கம்பெனி அதிகாரி மெக்கன்சி திரட்டிய பாளையக்காரர் வம்சாவளிகள் பல, பாளையம் கையில் நிற்குமா நிற்காதா என்ற காலத்தில் எழுதப்பட்டவை. பட்டம் கட்டியதும் பரிசு பெற்றதும் விரிவாக இருக்கும். தோற்றவர் பெயர் காணாமல் போயிருக்கும்.

புதுமண்டபத்தில் தையல்கடைகள் இருந்த நாளில், மெஷின் சத்தத்துக்கு நடுவே நின்று நாயக்கர் சிலைகளை எண்ணுவேன். விசுவநாதர் முதல் திருமலை வரை பத்துப் பேர். கும்பிட்ட கையும் சரிந்த தொந்தியுமாகத் திருமலை நாயக்கரைச் சின்னப் பிள்ளையும் காட்டிவிடும். பக்கத்தில் கொண்டை சரிய நிற்கும் அரசியர் யார் வீட்டுப் பெண்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைத்ததில்லை. கல்லில் கொசுவம் வரைக்கும் செதுக்கியிருக்கிறார்கள்.

நம் வீட்டுப் படத்தையும் நேற்று எடுத்துப் பார்த்தேன். ஐந்து தலைமுறை ஆண்கள் பெயர் இருக்கிறது. உன் அப்பத்தாவைப் பெற்றவள் பெயர் வரைக்கும் தெரியும். அவளைப் பெற்றவளுக்கு வெறும் கட்டம்தான். பழைய பத்திரத்தில் 'பாரியாள்' என்று மட்டும் இருக்கிறது. அப்பத்தா வருகிற வெள்ளிக்கிழமை இங்கே வருகிறார். சாயங்காலம் கொஞ்சம் தெளிவாகப் பேசுவார். நோட்டும் சிவப்புப் பென்சிலும் எடுத்துக்கொண்டு நீயும் வா. நீ கேட்டால்தான் வாய் திறப்பார்.

அன்புடன்,
அத்தை