தமிழ் கற்பிக்கப் போகும் மகளுக்கு

கொல்கத்தா



ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பேட்டைப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நீ ஏற்றுக்கொண்டிருக்கிறாய் என்பதையும், படமும் ஒலியும் எழுத்தும் ஒருங்கே இசையும் இணையக் காட்சிச் சாதனங்களில் எதைக் கைக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்பதையும் உன் கடிதத்தால் அறிந்து மிகுந்த சந்தோஷம் அடைந்தேன். கூகுள் ஸ்லைட்ஸ், பவர்பாயின்ட், கேன்வா, பிரெஸி, வாய்ஸ்த்ரெட் என்று நீ எழுதியிருக்கும் வரிசையையும், இவற்றுள் எது சிறந்தது என்ற உன் கேள்வியையும் பார்த்தேன். எந்தச் சாதனத்தில் பிள்ளையின் குரல் சிரமமின்றிப் பதிவாகுமோ, பதிவான குரலைப் பிள்ளையே மறுபடியும் கேட்டுத் திருத்திக்கொள்ள இயலுமோ, அதுவே நம்முடைய காரியத்துக்குச் சிறந்தது என்பது என் துணிந்த அபிப்பிராயம். மற்றைய அலங்காரங்களெல்லாம் அதற்கு அடுத்தபடியானவை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேட்பாய். லேக் மார்க்கெட்டையும் ராஷ்பிகாரி அவென்யூவையும் சுற்றி வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழாமல் இல்லை. தாய் அடுக்களையில் பேசுகிறாள், பாட்டி தொலைபேசியில் பேசுகிறாள், தொலைக்காட்சியும் பேசுகிறது. ஆயினும், தெருவில் விளையாட்டு வங்காளியிலும், பள்ளிக்கூடத்தில் பாடம் ஆங்கிலத்திலும் நடக்கிற காரணத்தால், தமிழில் கேட்ட கேள்விக்கு வங்காளியில் பதில் சொல்லிவிட்டு ஓடுவது அவர்களுக்குச் சுபாவமாகிவிட்டது. அவர்களிடம் குறைவாயிருப்பது தமிழில் வாய் திறக்கும் சந்தர்ப்பம்தான். அப்படிப்பட்ட பிள்ளைகளை உட்காரவைத்து, ஆசிரியை இரவெல்லாம் கண்விழித்துத் தயாரித்த வண்ண வண்ணக் காட்சிப் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாய் ஓட்டிக் காட்டினால், அவர்களுடைய கண்ணுக்கும் காதுக்கும் விருந்து கிடைக்குமே தவிர, நாவுக்கு ஒரு வேலையும் கிடைக்காது. வகுப்பு முடிந்ததும் அவர்கள் உன்னைப் புகழ்ந்துவிட்டு வங்காளியில் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

படத்தைக் காட்டிப் பாடம் நடத்தும் யோசனை இந்த நகரத்துக்குப் புதிதன்று. இவ்வூரிலே பிறந்த சுவாமி விவேகானந்தர் 1894-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து மைசூர் மகாராஜாவுக்கு எழுதிய கடிதத்தில், மாலை வேளையில் இரண்டு பேர் ஒரு படக்கருவியும் பூகோள உருண்டையும் சில தேசப்படங்களும் எடுத்துக்கொண்டு ஒரு கிராமத்துக்குச் சென்றால், எழுத்தறியாத ஏழை ஜனங்களுக்கு வான சாஸ்திரத்தையும் பூகோளத்தையும் எவ்வளவோ கற்பிக்கலாம் என்றும், புத்தகத்தால் அறிவதைக் காட்டிலும் செவியால் அவர்கள் பன்மடங்கு அதிகமாய் அறிவார்கள் என்றும் யோசனை கூறினார். கருவிகளை வரிசையாகக் குறிப்பிட்டவர், அவற்றைச் சுமந்து சென்று ஜனங்களோடு பேசப்போகும் மனிதர்களை நம்பியே அந்தத் திட்டத்தை வகுத்தார் என்பதை நீ கவனிக்கவேண்டும். பிறகு 1930-இல், குழந்தைகள் வங்காளி கற்பதற்கென்று ரவீந்திரநாதர் எழுதிய 'சஹஜ் பாட்' வெளிவந்தது; அதற்கு நந்தலால் போஸ் கறுப்பும் வெள்ளையுமாகப் படங்கள் அமைத்துக் கொடுத்தார். காலேஜ் தெருவில் அந்தப் புத்தகம் இன்றும் கிடைக்கும். ஒரு பிரதி வாங்கி, உன் மேஜைமேல் வைத்துக்கொண்டு, அந்தப் படங்களில் எத்தனை பொருள்களை அந்தச் சித்திரக்காரர் வரையாமல் விட்டிருக்கிறார் என்று பார். கேன்வாவில் ஆயிரம் அலங்காரம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கை பரபரக்கும்போதெல்லாம் அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்ப்பது உனக்கு நல்ல சிட்சையாக இருக்கும்.

வேண்டாததை விட்டுவிடும் இந்தச் சிக்கனத்தின் பயனையே கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரத்துச் சர்வகலாசாலையில் பணியாற்றும் ரிச்சர்டு மேயர் என்ற உளவியல் பேராசிரியர் சோதனைகளால் நிலைநாட்டியிருக்கிறார். பல்லூடகக் கல்வியைப் பற்றி அவர் எழுதியவற்றின் சாரம், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத படமும் சங்கீதமும் சுவாரஸ்யமானவையே ஆனாலும் கற்பதைக் கெடுக்கும் என்பதும், படமும் அதைக் குறிக்கும் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதும், கற்பவன் தன் வேகத்துக்கு ஏற்பச் சிறு சிறு பகுதிகளாக முன்னேற வழி இருக்கவேண்டும் என்பதும் ஆகும். பேசும் வாசகத்தையே எழுத்திலும் திரையில் காட்டினால் கவனம் சிதறும் என்று அவர் சொல்லும் விதி மட்டும் மொழி வகுப்புக்கு அப்படியே பொருந்தாது. பழக்கமில்லாத மொழியைக் கேட்பவனுக்கு ஒரு சொல் எங்கே முடிந்து மறுசொல் எங்கே தொடங்குகிறது என்பது எழுத்தைப் பார்த்தால்தான் விளங்கும். இத்துறை ஆராய்ச்சியாளர்களும் இந்த விலக்கை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகையால், முதல் பக்கத்தில் படமும் ஒலியும் மட்டும் இருக்கட்டும்; பிள்ளை கேட்டுச் சொல்லிப் பார்த்த பிறகு, அடுத்த பக்கத்தில் எழுத்து வரட்டும்.

இனி, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சங்கடத்தையும், அதைத் தீர்ப்பதில் உன் கணினி எவ்வளவு தூரம் துணைசெய்யும் என்பதையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வங்காளியில் இகரத்துக்கும் உகரத்துக்கும் குறில் நெடில் என்ற வேறுபாடு எழுத்தில் உண்டு, பேச்சில் இல்லை. பகலைக் குறிக்கும் 'தின்' என்ற சொல்லையும், ஏழையைக் குறிக்கும் 'தீன்' என்ற சொல்லையும் அவர்கள் இருவிதமாக எழுதினாலும் ஒரே விதமாகத்தான் உச்சரிப்பார்கள். உயிரின் நீளத்தைக் கருதாத அந்தப் பேச்சின் காற்றிலே வளர்ந்த நம் பிள்ளைக்கு, 'படு' என்பதும் 'பாடு' என்பதும், 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும், 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் காதில் ஒன்றுபோலவே விழுவதிலும், வாயில் இரண்டுக்கும் நடுவாக ஏதோ ஒன்று வருவதிலும் ஆச்சரியம் இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நம் இலக்கணத்தார் வகுத்து, கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் அதற்கு அளவாகக் காட்டினார்கள். அந்த அளவைக் கண்ணால் காணும் பாக்கியம் அவர்களுக்கு இருந்ததில்லை, உனக்கு இருக்கிறது.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்து, ஒரே நிதானத்தில் 'படு' என்றும் 'பாடு' என்றும் சொல்லிப் பதிவு செய். திரையில் உன் குரல் அலைக்கோடாக எழும். முதல் சொல்லில் பகரத்துக்குப் பின் வரும் உயிர் சட்டென்று அடங்கிவிடுவதும், இரண்டாவதில் அதே உயிர் நீண்டு கிடப்பதும் எந்தக் குழந்தைக்கும் தெரியும்படி இருக்கும். அந்த இரண்டு அலைக்கோடுகளையும் ஒரே அளவுத்திட்டத்தில் படமாக எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் ஒலியைப் பொருத்து; கூகுள் ஸ்லைட்ஸிலும் பவர்பாயின்ட்டிலும் இதற்கு வழி உண்டு. அதற்குக் கீழே பிள்ளையின் பதிவுக்கு இடம் காலியாக இருக்கட்டும். பிள்ளை தானே சொல்லி, தன் அலைக்கோட்டையும் உன்னுடையதையும் ஒப்பிட்டுப் பார்த்து, "என்னுது கொஞ்சம் சின்னதா இருக்கே" என்று தானே கண்டுபிடிக்கும்போது, நீ ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு தமிழ் சொல்லிக்கொடுத்த என்னைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு, நெடிலைக் கையை நீட்டிக் காட்டுவதற்குமேல் உபாயம் இருந்ததில்லை.

எழுத்து விஷயத்தில் இப்பிள்ளைகளுக்கு ஓர் அநுகூலமும் உண்டு. எகரக் குறியை மெய்க்கு இடப்பக்கத்தில் இடுவதும், ஒகரக் குறியை இருபுறமும் இடுவதும் வங்காளி எழுத்திலும் இருக்கிற வழக்கமாகையால், 'கெ', 'கொ' என்ற எழுத்துகள் அவர்களை மிரட்டமாட்டா. வங்காளியில் நான்கு எழுத்துகள் செய்யும் வேலையை இங்கே ஒரு ககரமே செய்கிறது என்பதுதான் அவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். அதற்கு விதி சொல்லிப் பயனில்லை. 'கடல்', 'அகம்', 'தங்கம்', 'பக்கம்' முதலியவற்றைச் சொல்லும், படமும், ஒலியுமாகப் பல முறை கேட்கச் செய்வதே வழி.

வாய்ஸ்த்ரெட் என்ற சாதனத்தைப் பற்றி நீ தனியாகக் கேட்டிருந்தாய். நடுவில் ஒரு படமோ அசையும் காட்சியோ இருக்க, அதைச் சுற்றிலும் பலர் தத்தம் குரலால் அபிப்பிராயம் பதியலாம் என்பதும், பேசிக்கொண்டே படத்தின்மேல் கோடு வரைந்து காட்டலாம் என்பதும், அவரவர் ஓய்வுநேரத்தில் வந்து பேசிவிட்டுப் போகலாம் என்பதும் அதன் சிறப்பு. இலவசக் கணக்கில் வரம்புகள் உண்டு. உன் சிறிய வகுப்புக்கு அது போதும். இதை நான் விசேஷமாக விரும்புவதற்குக் காரணம், இந்தப் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் பெரும்பாலும் 1,600 கி.மீ.க்கு அப்பால் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதே. பேரன் வைத்த படத்தைத் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் பாட்டி பார்த்து, அந்த ஊர்த் தமிழில் நாலு வார்த்தை கேட்டால், அதற்கு வங்காளியில் பதில் சொல்ல அவனால் முடியாது. ழகரத்துக்கு நாவின் நுனி எப்படி மேலே வளைகிறது என்பதையும் வாயருகே காமிராவை வைத்து அவள் காட்டட்டும். அவளைவிடச் சிறந்த ஆசிரியை உனக்குக் கிடைக்கமாட்டாள்.

பாடத்துக்குரிய படங்களை நீயே இணையத்தில் தேடி அலையாதே. பிள்ளைகளை ஒரு காலை வேளையில் பெற்றோருடன் லேக் மார்க்கெட்டுக்கு அனுப்பு. வாழையிலைக் கட்டும், கறிவேப்பிலையும், முருங்கைக்காயும், தொடுத்த மல்லிகைச் சரமும், அப்பளப் பொட்டலமும், அரைத்த காப்பிப் பொடியும் அங்கே இருக்கின்றன. ஒவ்வொருவனும் மூன்று படம் எடுத்துவரட்டும். கடைக்காரர் சம்மதித்தால் ஒழிய அவர் முகம் வேண்டாம், சரக்கு மட்டும் போதும். ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன, வீட்டில் அதைக்கொண்டு யார் என்ன செய்கிறார்கள், தனக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்று மூன்றே வாக்கியம் தன் குரலில் சேர்க்கட்டும். எழுதிவைத்து வாசிக்க விடாதே. வாசிக்கும் குரல் வேறு, பேசும் குரல் வேறு. திக்கினாலும் நடுவில் ஒரு வங்காளிச் சொல் புகுந்தாலும் முதல் பதிவை அழிக்கவேண்டாம். ஒரு மாதம் கழித்து அதே படத்துக்கு மறுபடி பேசச் சொல்லி, இரண்டையும் அவன் காதுக்கே விட்டுவிடு. வயதில் மூத்த பிள்ளைகள் இருந்தால், பெல்வெடேரிலுள்ள தேசிய நூலகத்தைப் பற்றி ஒரு காட்சித்தொகுப்புச் செய்யச் சொல்லலாம். தமிழ்ப் பேரகராதியின் ஆசிரியராக விளங்கிய வையாபுரிப் பிள்ளை சேர்த்த நூல்தொகை அங்கே இருக்கிறது என்ற செய்தியே அவர்களை வியப்பில் ஆழ்த்தும்.

சில்லறை விஷயங்கள் சில. தமிழை யுனிகோடிலேயே தட்டச்சுச் செய். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் செய்த பக்கம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகத் தோன்றும். 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரோடு, மழலைக் கல்வி முதற்கொண்டு பாடங்களைப் படமும் ஒலியுமாக வைத்திருக்கிறது. அங்கே இருப்பதை மறுபடி செய்ய உன் நேரத்தைச் செலவிடாதே. எந்த நிறுவனத்தின் சாதனத்தையும் நிரந்தரம் என்று நம்பாதே. பிள்ளைகள் பேசிப் பதிவதற்கென்றே ஆசிரியர்கள் விரும்பிக் கையாண்ட ஃப்ளிப் என்ற தனிச் சாதனம் 2024-இல் நிறுத்தப்பட்டது. கூகுளின் ஜாம்போர்டும் அவ்வாண்டின் முடிவோடு மறைந்தது. ஆகையால் ஒவ்வொரு பதிவுக்கும் உன்னிடம் ஒரு நகல் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, குழந்தைகளின் குரலும் முகமும் அந்தந்தக் குடும்பத்தின் சொத்து என்பதை ஒருகாலும் மறவாதே. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு. பக்கங்களை அழைக்கப்பட்டவர் மட்டும் காணும்படி பூட்டிவை. பிள்ளையின் முழுப்பெயரும் பள்ளியின் பெயரும் எங்கும் வரவேண்டாம். குழந்தைகளின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் நம் நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நீ இப்படியே நடந்துகொள்ளவேண்டும் என்பது என் விருப்பம். நன்றாயிருக்கிறதே என்ற ஆசையில் ஒரு பதிவைப் பொதுவில் பகிர்ந்துவிட்டால், பெற்றோரின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது கடினம்.

தொடக்கத்திலேயே பெரிதாக ஒன்றும் செய்யவேண்டாம். 'படு', 'பாடு' போன்ற மூன்று சொல்லிணைகள், மூன்று படங்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் பேச இரண்டு நிமிஷம். முதல் மாதத்துக்கு இதுவே போதுமானது. அதைச் செய்து முடித்ததும், பெற்றோர் சம்மதித்தால் எனக்கும் ஓர் அழைப்பு அனுப்பு. கேட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் என் குரலிலேயே பதில் பேசி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும்
பெரியப்பா