ஆசிரியர்களை உருவாக்கிய ஆசிரியர்

நுழையும்முன்

ஆட்டம் முடிந்ததும் நம் கண்கள் கோப்பையை ஏந்தியவரைத் தேடுகின்றன. களத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றவரை நாம் பெரும்பாலும் காண்பதில்லை. ஆட்டக்காரர் களத்தில் நிற்பது சில ஆண்டுகள். பயிற்றுநர் நிற்பதோ ஒரு வாழ்நாள். அந்த வாழ்நாளை எதைக்கொண்டு அளப்பது? அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பிறந்த கூடைப்பந்தை வளர்த்த ஆசிரியர்களையும், அதே கல்லூரியில் பயின்று சென்னைக்கு வந்து 23 ஆண்டுகள் உழைத்த ஹாரி குரோ பக் என்பவரையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

அடங்காத வகுப்பும் அடக்கமான ஆட்டமும்

1891ஆம் ஆண்டின் குளிர்காலம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 18 மாணவர்களைக் கொண்ட வகுப்பு ஒன்று இருந்தது. வெளியே கடுங்குளிர், திடலில் ஆட வழியில்லை. உள்ளரங்கில் நாள்தோறும் செய்த உடற்பயிற்சியோ அவர்களுக்குச் சலித்துவிட்டது. அவ்வகுப்பை ஏற்ற ஆசிரியர் இருவர் முயன்று பார்த்துக் கைவிட்டனர். பின்னர் அப்பொறுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் இளம் ஆசிரியரிடம் வந்தது. கனடாவில் பிறந்து, ஒன்பது வயதிலேயே பெற்றோரை இழந்து வளர்ந்தவர் அவர். உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றை உருவாக்குமாறு துறைத்தலைவர் அவருக்கு 14 நாள் தவணை கொடுத்தார்.

நெய்ஸ்மித் மாணவர்களைக் குறைகூறவில்லை. ஆட்டங்களில் மோதல் எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவரைத் தடுக்கும்போதுதான் உடலோடு உடல் மோதுகிறது என்று கண்டார். எனவே, பந்துடன் ஓடக்கூடாது என விதி செய்தார். இலக்கைத் தலைக்கு மேலே அமைத்தால் பந்தை வலிமையால் வீச இயலாது; நிதானமாக வளைத்து எறிதல் வேண்டும் என்றும் எண்ணினார். பள்ளியின் பணியாளரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். அவர் தேடிக் கொணர்ந்தவையோ பீச் பழக் கூடைகள். அவை 10 அடி உயரத்தில் மாடக் கைப்பிடியில் பொருத்தப்பட்டன. 13 விதிகள் எழுதப்பட்டன. இவ்வாறு கூடைப்பந்து பிறந்தது. இன்றும் வளையத்தின் உயரம் அதே 10 அடிதான்.

அடுத்த ஆண்டே, சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை ஸ்மித் கல்லூரி மாணவியருக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்தார். பெண்கள் ஓடி ஆடுவதே தகாது என்று பலர் கருதிய காலம் அது. கூடைப்பந்தின் வரலாற்றில் பெண்கள் பின்னர் வந்து சேர்ந்தவர்கள் அல்லர், தொடக்கத்திலேயே இடம்பெற்றவர்கள்.

தோல்வி மிகுந்த பயிற்றுநர்

1898ஆம் ஆண்டு நெய்ஸ்மித் கான்சஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே அவர் பயிற்றுவித்த அணி 55 ஆட்டங்களில் வென்றது. 60 ஆட்டங்களில் தோற்றது. அப்பல்கலைக்கழக அணியின் பயிற்றுநர்களுள் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர், அவ்வாட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவரே!

எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு தோல்விக் கதை. ஆனால், அவரிடம் ஆடிய மாணவர்களுள் ஃபாக் ஆலன் என்பவர் ஒருவர். பிற்காலத்தில் ஆலன் அதே கான்சஸ் அணிக்கு 39 பருவங்கள் பயிற்சியளித்தார். ஆலனிடம் பயின்றவர் டீன் ஸ்மித். அவர் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை 36 ஆண்டுகள் பயிற்றுநராக விளங்கினார். 879 வெற்றிகள் கண்டார். உலகப் புகழ்பெற்ற மைக்கேல் ஜோர்டான் அவருடைய மாணவர்.

ஸ்மித் தம் ஆட்டக்காரர்களிடம் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். பந்தைக் கூடைக்குள் இட்டவர், அப்பந்தைத் தமக்கு வழங்கிய தோழரை நோக்கிக் கைநீட்டிக் காட்டுதல் வேண்டும். புள்ளி எடுத்தவர் ஒருவர்; அதற்கு வழி செய்தவர் மற்றொருவர் என்பதை எல்லாரும் அறியச் செய்யும் நன்றி அது. அவரிடம் ஆடியவர்களுள் 95 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் பட்டப்படிப்பை நிறைவு செய்தனர். நிறவேற்றுமை ஓங்கியிருந்த காலத்தில், சார்லி ஸ்காட் என்னும் கறுப்பின மாணவரை விளையாட்டு உதவித்தொகையுடன் தம் அணியில் சேர்த்தார். 2015இல் ஸ்மித் மறைந்த பின்னர், அவருடைய பழைய ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 200 டாலர் வந்து சேர்ந்தது. தம் செலவில் ஒருவேளை விருந்து உண்ணுமாறு விருப்பமுறியில் எழுதிவைத்திருந்தார் அவர்.

தோற்ற ஆசிரியரின் மாணவர் வென்றார். அவருடைய மாணவர் அவரினும் மேலோங்கினார். இது நெய்ஸ்மித்தின் ஆசிரிய மரபில் ஒரு கிளை. அவர் பணியாற்றிய ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியிலிருந்து மற்றொரு கிளை கடல் கடந்து சென்னைக்கு வந்தது.

சென்னைக்கு வந்தவர்

ஹாரி குரோ பக் 1884இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்கல்வி பயின்றவர். 1919இல் இந்தியாவுக்கு வந்த அவர், அடுத்த ஆண்டே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் கல்லூரியாக வளர்ந்து, இன்று நந்தனத்தில் மரநிழலும் திடல்களும் சூழ விளங்கும் அந்நிறுவனமே இந்தியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியாகும்.

அக்காலப் பள்ளிகளில் உடற்கல்வி எவ்வாறு இருந்தது? படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மாணவர்களை வரிசையில் நிறுத்தி, ஆணையிட்டுக் கைகால்களை அசைக்கச் செய்வதே பெரும்பாலும் உடற்கல்வி எனப்பட்டது. மாணவரின் வயது, உடல்நிலை, விருப்பம் ஆகியவை கருதப்படவில்லை. மகிழ்ச்சி அங்கே ஒரு பாடமாக இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டின் அடங்காத வகுப்பில் நெய்ஸ்மித் கண்ட அதே சிக்கல்தான் இது. களமும் காலமும் மட்டுமே வேறு.

பக் நினைத்திருந்தால் திறமை மிக்க சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வலிமையான அணியை அமைத்துக் கோப்பைகளைக் குவித்திருக்கலாம். அவர் தேர்ந்த வழி வேறு. பரந்த இந்நாட்டின் பள்ளிகளுக்கு அணிகளைவிட ஆசிரியர்களே முதலில் தேவை என்று அவர் உணர்ந்தார். ஓர் ஆட்டக்காரரை உருவாக்கினால் ஓர் அணி பயன்பெறும். ஓர் ஆசிரியரை உருவாக்கினால் ஆண்டுதோறும் ஒரு பள்ளியே பயன்பெறும். இந்த எளிய கணக்கே அவருடைய வாழ்க்கைப் பணிக்கு அடித்தளம் ஆயிற்று.

அவருடைய கல்லூரியில் உடலியல், முதலுதவி, கற்பிக்கும் முறை ஆகியவற்றோடு ஆட்டங்களின் நுட்பங்களும் கற்பிக்கப்பட்டன. மேனாட்டு விளையாட்டுகளோடு நம் நாட்டு ஆட்டங்களும் பயிற்சியில் இடம்பெற்றன. ஊருக்கு ஊர் விதிகள் மாறினால் போட்டி நடத்துவது எங்ஙனம்? இதனை உணர்ந்த பக், விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். அந்நூல் அவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியர்களின் கைந்நூலாக விளங்கியது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும், இலங்கை, பர்மா ஆகிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் இங்கு வந்து பயின்று, தத்தம் ஊர்களில் ஆசிரியர்களாயினர்.

பாரிசுப் பயணம்

1924ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. அதில் பங்கேற்ற இந்திய அணிக்கு மேலாளராகப் பக் உடன் சென்றார். தடை தாண்டும் ஓட்டத்தில் சி.கே. லட்சுமணனும், நீளம் தாண்டுதலில் தலிப் சிங்கும் அவ்வணியில் இடம்பெற்றனர். பதக்கம் எதுவும் கிட்டவில்லை. எனினும், அப்பயணத்துக்காக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முயற்சியே இந்தியாவில் தேசிய அளவிலான போட்டிகளுக்கு வித்திட்டது. 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. வெறுங்கையுடன் திரும்பிய பயணமும் வீண்போகவில்லை.

பக் அமெரிக்காவுக்குத் திரும்பி வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1943இல் மறையும்வரை அவர் தம் கல்லூரியின் முதல்வராகவே இருந்தார். 35 வயதில் வந்தவர் 58 வயதில் இங்கேயே மறைந்தார்.

கோட்டுக்கு வெளியே நடக்கும் பணி

பயிற்றுநர் நாள்தோறும் செய்யும் பணி பார்ப்பவர்க்குச் சுவையற்றது. பந்தைத் தட்டிக்கொண்டு செல்லும்போது மாணவரின் பார்வை பந்தில் இருக்கிறதா, களத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்குகிறதா என்று கவனிப்பது. தனி எறியை நூறுமுறை எறியச் செய்து, நூற்று ஒன்றாவது முறையும் அதே பொறுமையோடு திருத்துவது. காயத்தை மறைத்துக்கொண்டு ஆட வருபவரை உட்காரச் சொல்வது. நன்றாக ஆடாதவருக்கும் களத்தில் இடமளிப்பது. இவற்றுள் ஒன்றுகூடப் புள்ளிப் பலகையில் ஏறுவதில்லை.

புள்ளிப் பலகையில் ஏறாதது வாழ்க்கையில் ஏறுகிறது. கூடைப்பந்துக் களத்தின் நீளம் 28 மீட்டர். அகலம் 15 மீட்டர். அச்சிறிய இடத்தில் ஐவர் ஒருவரையொருவர் நம்பி ஆட வேண்டும். பந்தை எப்போது தோழருக்குக் கொடுக்க வேண்டும் என்று கற்றவர், பின்னாளில் தொழிற்கூடத்திலும் குடும்பத்திலும் அதனை மறப்பதில்லை.

கண்ணியும் கண்ணியும்

சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைவரானார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய புகழை நாம் அறிவோம். அத்தகைய ஒவ்வொருவரின் கையிலும் முதன்முதலில் பந்தைக் கொடுத்த ஆசிரியர் ஒருவர் எங்கோ இருப்பார். அவர் பெயரை நாம் கேட்பதில்லை.

திருப்பூரை அடுத்த நல்லூரில் பின்னலாடை எந்திரங்களின் ஓசை கேட்காத தெரு குறைவு. அங்குள்ள மாணவர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. பின்னல் துணியில் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தைய கண்ணியைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. ஒன்று அறுந்தால் வரிசையே பிரிந்துவிடும். ஆசிரிய மரபும் அத்தகையதே. ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கிய வரிசை சென்னை வழியாக நம் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்வரை வந்திருக்கிறது.

அவ்வரிசை இன்று எங்கே அறுகிறது? பொதுத்தேர்வு நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளை வேறு பாடத்துக்குக் கைமாறுகிறது. ‘பெரியவளாகிவிட்டாய்’ என்று சொல்லிப் பெண்குழந்தையைத் திடலிலிருந்து வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறோம். வென்று வருபவருக்கு மட்டுமே பந்து என்று பள்ளியும் ஒதுக்கிவிடுகிறது. பாடம் நடத்தும் நாங்களும் இத்தவற்றில் பங்குடையோம். பாடவேளையைக் கடனாகக் கேட்ட ஆசிரியருள், அதைத் திருப்பிக் கொடுத்தவர் எத்தனை பேர்?

பக் எத்தனை கோப்பைகள் வென்றார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. நாளை காலை உங்கள் பள்ளித் திடலில் ஊதல் ஒலித்து ஒரு வகுப்பு ஆடத் தொடங்கினால், அவருடைய பணி தொடர்கிறது என்று பொருள். அவ்வகுப்பில் நீங்களும் இருத்தல் வேண்டும்.

தெரியுமா?

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்க விளையாட்டாக இடம்பெற்றது. அதனைக் காண நெய்ஸ்மித் நேரில் சென்றிருந்தார். இந்தியாவில் ஆண்களுக்கான முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1934இல் புதுதில்லியில் நடைபெற்றது. இந்திய ஆண்கள் அணி 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் பங்கேற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைச் சந்தித்து, அவர் எங்கே, யாரிடம் பயின்றார் என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் பாட்டி, தாய், தமக்கை ஆகியோர் எந்த வயதுவரை விளையாடினர், ஏன் நிறுத்தினர் எனக் கேட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘தேர்வுக் காலத்திலும் உடற்கல்விப் பாடவேளை தேவை’ என்னும் தலைப்பில் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.

சிறுவினா

1. நெய்ஸ்மித் வகுத்த விதிகள் ஆட்டத்தில் மோதலைக் குறைத்தது எவ்வாறு?

2. டீன் ஸ்மித் ஏற்படுத்திய பழக்கம் உணர்த்தும் பண்பு யாது?

நெடுவினா

பயிற்றுநரின் பெருமையை வெற்றி எண்ணிக்கையால் அளத்தல் பொருந்துமா? பாடப்பகுதி கொண்டும் உங்கள் பட்டறிவு கொண்டும் நிறுவுக.