ஹெட்செட்டுக்கு ஏற்ற சில்லு எது?



2020ஆம் ஆண்டு கொரோனா தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்பறை கைப்பேசிக்குள்ளும் கணினிக்குள்ளும் புகுந்தது. அது முதல் ஹெட்செட் நம் ராயபுரத்து வீடுகளுக்கும் பழகிய பொருளாகிவிட்டது. இன்று வேலைக்கான நேர்காணல் கூடப் பல இடங்களில் அதன் வழியாகவே நடைபெறுகிறது. துறைமுகத்திற்குக் கன்டெய்னர் லாரிகள் செல்லும் சாலையை ஒட்டிய வீட்டில் அமர்ந்து, முன்பின் அறியாத அதிகாரியிடம் ஒரு பெண் பேசுகிறாள். அவள் சொல் அங்கே தெளிவாக விழாவிட்டால், கருவியை யாரும் குறை சொல்வதில்லை. அவளுக்குப் பேசத் தெரியவில்லை என்றே எண்ணிவிடுகிறார்கள். ஆகவே அக்கருவிக்குள் இருப்பதைச் சற்று ஆராய்வோம்.

யூஎஸ்பி ஹெட்செட்டில் விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லு இருக்கிறது. இதற்குக் கோடெக் என்று பெயர். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னலையை எண்களாக மாற்றுவதும், கணினி தரும் எண்களை மீண்டும் அலையாக மாற்றிக் காதுக்கு அனுப்புவதும் இதன் வேலை. கணினியோடு யூஎஸ்பி முறையில் உரையாடுவதும் இதுவே. 1996இல் வெளிவந்த அந்த முறையை உருவாக்கியதில் பெரும்பங்கு இன்டெல் நிறுவனத்தில் பணிபுரிந்த அஜய் பட் அவர்களுக்கு உண்டு. அவர் பரோடாவில் பொறியியல் பயின்றவர்.

நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுவதாகக் கொள்வோம். இரு காதுகளுக்கும் சேர்த்து நொடிக்கு 15,36,000 பிட். ஒலிவாங்கிக்கு அதில் பாதி. யூஎஸ்பியின் பழைய 12 மெகாபிட் வேகத்திற்கே இது எளிய சுமைதான். கணினி இவ்வெண்களை ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒரு பொட்டலமாக அனுப்புகிறது. 48,000 என்றால் பொட்டலத்திற்குச் சரியாக 48 அளவுகள். 44,100 என்றால்? ஒன்பது பொட்டலங்களில் 44, பத்தாவதில் 45! கணக்கில் விருப்பமுள்ளவர்கள் கூட்டிப் பார்க்கலாம்.

கடைகளில் “24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்” என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள். பேச்சுக்கு இது வீண் ஆடம்பரம் என்பது என் கருத்து. 16 பிட்டே சுமார் 96 டெசிபெல் இடைவெளியைத் தருகிறது. லாரி ஓடும் தெருவில் அத்தனை நிசப்தம் ஏது? அதற்காக மிகவும் குறைத்துவிடவும் கூடாது. பழைய தொலைபேசி ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தியது. “ஸ”, “ஃப” என்னும் ஒலிகளைப் பிரித்துக் காட்டும் சீறல் பெரிதும் அதற்கு மேலே இருப்பதால்தான், பெயரின் எழுத்துகளை “எஸ் ஃபார் சேலம்” என்று விளக்க வேண்டியிருந்தது. நொடிக்கு 16,000 அளவுகள் எடுத்தாலே இந்தக் குழப்பம் பெரிதும் தீர்ந்துவிடும்.

வடிவமைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஒலிவாங்கியின் பக்கத்தைத்தான். அங்கிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே. அருகிலோ கணினியின் மின்சாரமும், நொடிக்கு ஆயிரம் பொட்டலங்களின் துடிப்பும்! மின்தேக்கிகளையும் தரைக்கம்பியையும் உரிய இடத்தில் அமைக்காவிட்டால், அத்துடிப்பு 1,000 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகப் பேச்சில் கலந்துவிடும். எவ்வளவு உயர்ந்த சில்லும் இதிலிருந்து நம்மைக் காப்பாற்றாது.

அடுத்தது, பேசுபவர் தம் குரலைத் தாமே சிறிது கேட்கும் வசதி. காதை அடைத்துக்கொண்டு பேசினால் நம்மை அறியாமலே கத்துகிறோம் அல்லவா? சுற்றிலும் இரைச்சல் மிகும்போது குரல் தானே உயர்வதை 1911இல் லொம்பார்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக்காட்டினார். பழைய தொலைபேசியில் நம் குரலில் ஒரு சிறு பங்கு நம் காதுக்கே திரும்பி வந்தது. ஹெட்செட்டிலும் அதை நாம் அமைத்துத் தர வேண்டும்.

சந்தையிலுள்ள சில சில்லுகளை ஒப்பிடுவோம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் பிசிஎம் 2902 நல்ல கோடெக்தான். ஆனால் ஹெட்போனை இயக்க வேறொரு பெருக்கி வேண்டும். அதே குடும்பத்தின் பிசிஎம் 2912ஏ ஹெட்செட்டுக்கென்றே பிறந்தது. ஒலிவாங்கிக்கு ஊட்டும் மின்னழுத்தம், காதுக்கான பெருக்கி, தன்குரல் திரும்பும் வழி ஆகிய மூன்றும் அதனுள்ளேயே உண்டு. தைவான் நாட்டு சி-மீடியாவின் சிஎம் 108, ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான்களை நேரே இணைக்க இடம் தருகிறது.

பிசிஎம் 2912ஏ, 32 ஓம் ஹெட்போனுக்கு 13 மில்லிவாட் தரும். இது போதுமா என்று தயங்க வேண்டாம். ஒரு மில்லிவாட்டில் 100 டெசிபெல் தரும் ஹெட்போனில் இது 111 டெசிபெல் ஆகிவிடும்! உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த அளவோ, வாரம் 40 மணி நேரத்திற்குப் பெரியவர்களுக்கு 80, குழந்தைகளுக்கு 75 டெசிபெல். ஆகவே மாணவியருக்கான ஹெட்செட்டில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு கட்டாயம் வேண்டும். பெற்றோர் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

சில்லு தொடர்ந்து கிடைக்குமா என்பதும் ஒரு கேள்வி. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபேயோக்கா நகரில் அசாஹி காசே நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை தீப்பற்றியது. ஒலிச் சில்லுகளுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு உண்டாகி, அவற்றை நம்பியிருந்தவர்கள் வேறு சில்லுக்கு மாற்றி வரைய நேர்ந்தது. நம் ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவான யூஎஸ்பி ஒலிக்கருவிகள் பலவற்றைத் திறந்தால், பெயரே இல்லாத கறுப்புப் பசைத் துளிதான் தெரிகிறது. செய்து பார்த்துப் பழக அது போதும். நாளை அதே பொருள் கிடைக்கும் என்று நம்ப இயலாது.

பிளஸ் டூ மாணவியர் இதைச் செய்முறையாகவும் செய்யலாம். லாரிகள் மிகுதியாக ஓடும் நேரத்தில் ஒருத்தி தெருவோர அறையிலிருந்து பட்டு, தட்டு, கட்டு, மட்டு, சிக்ஸ், ஃபிக்ஸ் என்று ஐம்பது சொற்களைக் கலைத்துக் கலைத்துப் படிக்கட்டும். இன்னொருத்தி வேறொரு வீட்டிலிருந்து கேட்டு எழுதட்டும். இரண்டு ஹெட்செட்டுகளை மாற்றி மாற்றி வைத்து, எதில் பிழை குறைகிறது என்று எண்ணிப் பாருங்கள்.