மின்னலின் முதுகில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

என் குதிரை மின்னலுக்கு உடம்பெல்லாம் செம்பழுப்பு நிறம். முதுகில் சேணம் உட்காரும் இடத்தில் மட்டும், எலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக, ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையில் சவாரிக்கு வருகிறவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, "பிறவியிலேயே இருக்கா அண்ணே?" என்று கேட்பார்கள். முதல் இரண்டு வருடம் "ஆமா, ராசியான அடையாளம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பிறவி அடையாளம் இல்லை. நான் வைத்த புண். ஒரே இடத்தைச் சேணம் நாள்கணக்காக அழுத்தினால் மயிர்க்காலில் நிறம் செத்துவிடும். புண் ஆறினாலும் அங்கே முளைப்பது நரைமயிர்தான்.

நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்கள் குடியிருப்புக்கு லயம் என்று பெயர். குதிரை கட்டும் இடத்துக்குத் தமிழில் லாயம் என்று பெயர். 'லைன்' என்பதுதான் லயமானது என்று படித்தவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். நடுவில் இருப்பது ஒரு துணைக்கால்தான். கோப்பித் தோட்டக் காலத்தில் துரைமார் குதிரையில்தான் மலை பார்க்கப் போவார்கள். நானுஓயாவுக்கு ரயில் வந்ததே 1885இல். அதற்கு முன் குதிரை, மாட்டுவண்டி, நடை, வேறு வழியில்லை. சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் பண்ணை போட வந்தபோது, கூட்டிவந்த குதிரைக்காரன் ரம்பொடைக் கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் கவிழ்த்த கதையை அவரே எழுதி வைத்திருக்கிறார். மலைப்பாதை அன்றிலிருந்தே யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடல் 1875இல் உண்டானது. ஏப்ரலில் சித்திரைப் புதுவருஷத்தை ஒட்டி சீசன். நான் பதினேழு வயதில், கொழுந்துக் கணக்கு எழுதப் பிடிக்காமல், சீசனுக்குக் குதிரை பிடிக்க வந்தவன். திரும்பிப் போகவில்லை.

மின்னல் பந்தயத்தில் ஓடி முடித்த குதிரை. இந்த இனத்தைத் தரோபிரெட் என்பார்கள். நீளக் கால், ஒடுங்கிய முதுகு, கழுத்து முடிகிற இடத்தில் கூரை முகடு மாதிரி எழும்பி நிற்கும் எலும்பு மேடு. விற்றவர் "பசு மாதிரி" என்றார். மூன்றாம் நாள் ஒரு முச்சக்கரவண்டி ஹோர்ன் அடிக்க, என்னைச் சேற்றில் போட்டுவிட்டு ஓடியது. மாணிக்கவாசகர் கதையில் நரி பரியாகி, ராத்திரியில் மறுபடி நரியானது போலத்தான் குதிரை வாங்குவதும். விற்கிறவர் சேணம் பூட்டித் தயாராக நிறுத்தியிருந்தால், கழற்றச் சொல்லுங்கள். நீங்களே மறுபடி பூட்டுங்கள். சேணத்தைக் கண்டதும் காதை மடித்துப் பின்னால் சாய்க்கிறதா, வாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புகிறதா, முதுகில் விரலை ஊன்றி ஓட்டும்போது குழிகிறதா என்று பாருங்கள். அதன் பழைய கணக்கெல்லாம் அதில் இருக்கும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய பிழை அடுத்தது. கொழும்பில் ஒருவரிடம் பழைய வெஸ்டர்ன் சேணம் ஒன்று வாங்கினேன். பூவேலை செய்த தோல், முன்னால் கைப்பிடி போல நிற்கும் கொம்பு. சினிமாவில் வருவது மாதிரியே இருந்தது. ஏறத் தெரியாதவர்கள் கொம்பைப் பிடித்துக்கொண்டு தைரியமாக உட்கார்ந்தார்கள், படம் எடுத்தார்கள். எனக்கு வருமானம் கூடியது. அந்தக் கொம்பு மாடு பிடிக்கிறவனுக்காக வந்தது. சுருக்குக் கயிற்றை மாட்டின் மேல் வீசி, மறுமுனையைக் கொம்பில் சுற்றிவிட்டால் இழுவையைக் குதிரை தாங்கும். அந்த வேலைக்கு அமெரிக்காவில் குவாட்டர் ஹோர்ஸ் என்ற இனம். கால் மைல் தூரத்தை மின்னலாக ஓடும், அகன்று தட்டையான முதுகு. சேணத்துக்குள் இருக்கும் மரச்சட்டமும் அந்த முதுகுக்கு ஏற்ற அகலம். என் மின்னலின் ஒடுங்கிய முதுகில் அது முன்பக்கம் சரிந்து, முகட்டின் இருபுறமும் குத்தி நின்றது. நான் என்ன செய்தேன்? கம்பளியை மடித்து அடியில் திணித்தேன். கம்பளி சுருண்டு அதே இரண்டு இடத்தில் கட்டியாகி, இன்னும் அழுத்தியது. அந்த சீசன் முடியும்போது தோல் உரிந்து நீர் வடிந்தது.

ஹட்டனில் சப்பாத்துத் தைக்கும் ஒரு பெரியவர் இருந்தார். பிய்ந்த வாரைத் தைக்கச் சேணத்தை அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். வாரைப் பார்க்காமல் சேணத்தைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது குதிரைக்குத் தைச்சதா, ஆளுக்குத் தைச்சதா?"

"ஏறுற ஆளுக்குத்தானே மாமா சேணம்?"

"அப்ப ஆளு முதுகுலயே கட்டுங்க."

அவர் வாழ்நாளில் குதிரை ஏறியதில்லை. ஆனால் அளவெடுக்காமல் யாருக்கும் சப்பாத்து வெட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் போய் உட்கார ஆரம்பித்தேன். ஏழு வருடம் போனேன்.

முதலில் அவர் கற்றுத் தந்தது தையல் இல்லை, அளவு. தடித்த மின்கம்பித் துண்டு ஒன்றை எடுங்கள். குதிரையைச் சமதரையில் நிறுத்தி, முகட்டின் குறுக்கே கம்பியை அழுத்தி வளையுங்கள். எடுத்து அட்டையில் வைத்துக் கோடு போடுங்கள். நாலு விரல் பின்னால் ஒன்று, கடைசி விலா எலும்புக்கு முன்னால் ஒன்று. மூன்று கோட்டையும் வெட்டி எடுத்தால் அதுதான் அந்தக் குதிரையின் முதுகு. சேணம் கடைசி விலாவைத் தாண்டக் கூடாது. அதற்குப் பின்னால் தாங்க விலாக்கூடு இல்லை. நடுவில் முதுகெலும்புக்கு மேலே நீளவாக்கில் வெளிச்சம் தெரியவேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் முன்பக்கத்தில் இரண்டு விரலாவது உள்ளே போகவேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறக்கினால் வியர்வை இருபக்கமும் ஒரே மாதிரிப் படிந்திருக்க வேண்டும். ஈரத்துக்கு நடுவில் காய்ந்த திட்டு இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்த இடத்தில் வியர்க்கவிடாமல் ஏதோ அமுக்குகிறது என்று அர்த்தம். எனக்கு அந்தத் திட்டுகள் ஒரு மாதம் தெரிந்தன. நல்ல காற்றோட்டம் என்று நினைத்தேன்.

இரண்டாவது கணக்கு எடை. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அதில் சேணமும் சேரும் என்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மின்னல் சுமார் 430 கிலோ. ஐந்தில் ஒன்று 86. கொழும்புச் சேணம் மட்டும் 16 கிலோ. மிச்சம் 70. தொப்பையோடு வருகிற ஐயாமாருக்கு அதில் இடமில்லை. 250 கிலோ மட்டக்குதிரைக்கு எல்லாம் சேர்த்தே 50தான். அதாவது பிள்ளைகள் மட்டும். "காசு தாறேன், ஏத்துங்க" என்பார்கள். நான் இப்போது ஏற்றுவதில்லை. சில நாள் வெறுங்கையோடு போனதும் உண்டு.

பிறகு ஒரு நல்ல காலம். எங்கள் பழைய தோட்டத்துப் பங்களா களஞ்சியத்தைச் சுத்தம் செய்யும்போது எலி கடித்த சேணம் ஒன்று கிடந்ததாகப் பங்களா அப்பு தகவல் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். கொம்பு இல்லை. ஆழமான இருக்கை, தொடைக்கு முன்னால் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்கும் திண்டு. அவுஸ்திரேலியாவில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் ஸ்டொக் சேணம். நாள் முழுக்கச் சேணத்திலேயே இருந்து, செங்குத்தான இடங்களிலும் மாட்டை மறிக்கப் போகிறவர்களுக்காக உருவானது. இறக்கத்தில் ஆளை முன்னால் சரியவிடாமல் அந்தத் திண்டு பிடிக்கும். தேயிலை மலைக்கு இதுதானே வேண்டும்! அது இங்கே எப்படி வந்தது என்று அப்புவுக்கும் தெரியாது. அவுஸ்திரேலியக் குதிரைகளே 'வேலர்' என்ற பெயரில் அந்தக் காலத்தில் மதராஸ் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாக வந்தவைதாம். சேணம் ஒன்று மலையேறி வந்ததில் பெரிய அதிசயம் இல்லை.

பெரியவரும் நானும் அதன் தோலை முழுக்கப் பிரித்தோம். மரச்சட்டத்தைத் தொடையில் வைத்து இரண்டு கையாலும் நெரித்துப் பார்த்தோம். சத்தம் வரவில்லை. பழைய சேணம் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். சட்டம் உடைந்தது மேலே தெரியாது. நெரித்தால் முனகும், கோணும். அப்படியானால் எவ்வளவு அழகான தோலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எங்கள் சட்டத்தை மின்னலின் அட்டைக்குப் பொருந்தும்வரை அரத்தால் இழைத்தோம். அடியில் செம்மறி மயிர் திணித்தோம். மட்டமான பஞ்சு ஒரு மழையில் கட்டிதட்டும்.

தையல்தான் நேரம் தின்றது. பெரியவர் மெஷினில் தைக்க விடமாட்டார். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொளுவி நிற்கும். ஒரு இடம் அறுந்தால் வரிசையாகப் பிரியும். கைத்தையலில் ஒரே நூலுக்கு இரண்டு ஊசி. குத்தூசியால் போட்ட ஒரே துளைக்குள் இரண்டும் எதிரெதிராகப் போய்வரும். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். சணல் நூலைத் தேன்மெழுகில் இழுத்துத் தைத்தோம். நைலோன் பலம்தான், ஆனால் காலப்போக்கில் தோலையே அறுக்கும். ஒரு அங்குலத்துக்கு ஆறு தையல். அதைவிட நெருக்கினால் தபால்தலை மாதிரிக் கிழியும் என்பார் பெரியவர். தோல் ஆவாரம்பட்டை, வேலம்பட்டை போன்றவற்றில் பதனிட்டதாக இருக்கவேண்டும். திண்டுக்கல், ஈரோட்டுப் பக்கம் தலைமுறையாகச் செய்த முறை அது. கைப்பை தைக்கிற மெல்லிய குரோம் தோல் சேணத்துக்கு இழுபட்டுப் போகும். நான் முதலில் அதில்தான் அங்கவடி வார் தைத்தேன். ஒரு கிழமையில் இடப்பக்க வார் வலப்பக்கத்தைவிட இரண்டு துளை நீண்டுவிட்டது. எல்லோரும் இடப்பக்கம்தானே ஏறுகிறார்கள்.

சேணம் முடிந்தபோது ஒன்பது கிலோ. மலைக்காக இரண்டு வார் சேர்த்தோம். ஏற்றத்தில் சேணம் பின்னால் வழுகாமல் மார்பைச் சுற்றி ஒன்று, இறக்கத்தில் முன்னால் சரியாமல் வாலடியில் ஒன்று. வாலடி வாரை முதல் நாளே மாட்டி ஓட்டினால் உதைபடுவீர்கள். வெறுமனே கட்டி நாலைந்து நாள் நடத்திப் பழக்கவேண்டும்.

அங்கவடிக்கு முன்னால் தோலில் மூடி ஒன்றும் தைத்தேன். இங்கே சவாரிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ரப்பர் செருப்பு. செருப்புக் கால் அங்கவடிக்குள் நழுவிக் கணுக்கால்வரை போய்விட்டால், விழும்போது ஆள் தொங்குவார், குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். மூடி இருந்தால் கால் அதற்கு மேல் போகாது. ஏதோ நான் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன். மெக்சிக்கோ மாட்டுக்காரர்கள் நூற்றாண்டுகளாக இதை வைத்திருக்கிறார்கள், தாபதேரோ என்று அதற்குப் பெயரே உண்டு என்று பிறகு தெரிந்தது.

வெஸ்டர்ன்காரர்களிடம் தெரிந்தே எடுத்துக்கொண்டது ஒற்றைக் கையால் ஓட்டுவது. வாயை இழுக்காமல் கழுத்தின் வலப்பக்கம் கடிவாள வார் பட்டால் இடம் திரும்பவேண்டும், இடப்பக்கம் பட்டால் வலம். பந்தயத்தில் வாயை இழுத்தே பழகிய மின்னலுக்கு இதைப் பழக்க ஐந்து மாதம் ஆனது. முதலில் இரண்டு கையாலும் ஓட்டினேன். பிறகு கழுத்தில் வாரைத் தொட்டுவிட்டு ஒரு மூச்சு பொறுத்து இழுப்பேன். இழுப்பதற்கு முன்பே திரும்பிய நாளில் அதோடு நிறுத்திவிட்டு லாயத்துக்குக் கூட்டிப்போனேன். நல்லது செய்த இடத்தில் நிறுத்துவது போன்ற கூலி குதிரைக்கு வேறில்லை. கொழுந்துக்கூடையோடு ஆட்கள் எதிரே வரும் ஒற்றையடிப் பாதையில் ஒரு கை சும்மா இருப்பது எவ்வளவு உதவி என்று போனால் தெரியும்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். தோலுக்குப் பூஞ்சணம்தான் இங்கே எமன். மே மாத மழைக்குப் பிறகு பத்து நாள் தொடாமல் விட்டால் சேணம் பச்சை போர்த்திவிடும். நனைந்து வந்தால் துடைத்து நிழலில், காற்றில் போடுங்கள். அவசரப்பட்டு அடுப்படியில் காயவைத்த கடிவாள வார் ஒன்று அப்பளம் மாதிரி உடைந்தது. எண்ணெய் கொஞ்சமாக. இந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்தே கிடக்கும். சுடுநீரில் வைத்து இளக்கி, தேன்மெழுகு சேர்த்துத் துணியில் தொட்டுப் பூசினால் போதும். ஊறவிட்டால் தோல் கறுக்கும், தொளதொளக்கும். வியர்வை உப்புக்கு எலி வரும். அதனால் வயிற்றுவாரைக் கழுவிவிட்டுத் தொங்கவிடுங்கள். ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் இரும்புக் கடிவாளத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டு வாயில் கொடுங்கள். வயிற்றுவாரை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். மின்னல் மூச்சை இழுத்து வயிற்றை உப்பி நிற்பான், பத்து அடி நடந்ததும் வார் தொங்கும். மூன்று தடவையாக இறுக்கவேண்டும். புல் அறுக்கப் போகும் மலையில் களைநாசினி அடித்தார்களா என்று கங்காணியிடம் கேட்காமல் அரிவாளை வைக்காதீர்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான்.

பெரியவர் இப்போது இல்லை. அவருடைய குத்தூசி என்னிடம் இருக்கிறது. இதுவரை பதினொரு சேணம் தைத்திருக்கிறேன். அதில் இரண்டை நானே பிரித்துப்போட்டேன்.

போன கிழமை மின்னலுக்கு மறுபடி கம்பி பிடித்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இல்லாமல் தின்றதில் முதுகு அகன்றிருக்கிறது. பழைய அட்டை விரல் கடை அளவு பொருந்தவில்லை. திணித்த மயிரை வெளியே எடுத்து மெல்லிசாகத் திணித்துக்கொண்டிருக்கிறேன். சீசனில் ஓடத் தொடங்கினால் இளைப்பான், அப்போது மறுபடி பிரிக்க வேண்டிவரும். நேற்று ஒரு சின்னப் பிள்ளை புள்ளிகளைத் தொட்டு, "வலிச்சிச்சா?" என்று கேட்டது. "வலிச்சிருக்கும் பாப்பா" என்றேன்.