மனசு சொல்வதைக் கேட்க

மீன்சுருட்டிக்காரர்கள் தியானம் பழக வெளியூர் தேட வேண்டியதில்லை. பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில். அங்கே வடக்குப் படிக்கட்டு அருகே பத்மாசனத்தில் இருக்கும் ஞான சரஸ்வதியைப் பாருங்கள். அப்படி நிமிர்ந்து உட்கார வேண்டும். (முட்டி வலியா? வீட்டில் நாற்காலி போதும், குற்றமில்லை.)

வெயில் ஏறுமுன் போங்கள். பிரதோஷ நாள் வேண்டாம், கூட்டம். கைபேசியை அணைத்து, பத்து நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். பிறகு ஒரே கேள்வி: பாராட்ட ஆளே இல்லாவிட்டாலும் எந்த வேலையைச் செய்வேன்? பதிலைத் துரத்தாதீர்கள். முதலில் கடன், கல்யாணச் செலவு, வரப்புச் சண்டைதான் நினைவுக்கு வரும், வந்து போகட்டும். திரும்பத் திரும்ப வருவதை நோட்டில் குறித்து, வாரம் ஒரு மணி நேரம் செய்து பாருங்கள். அதற்குள் இருக்கிற வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.